கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே

மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு குடிநீர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கம்பெனியாகப் பதிவானது, பங்குகள் முழுவதும் நகரத்தின் கையில். அரசு அலுவலக இழுத்தடிப்பும் இருக்காது, தனியாரின் லாபக் கணக்கும் இருக்காது என்று சொல்லித்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். முதல் பாதி ஓரளவு உண்மை. பம்ப் பழுதானால் கையெழுத்துகள் சீக்கிரம் கிடைத்தன.

சிக்கல் பட்ஜெட் சமயத்தில் வரும். நகரத்தின் வரவில் துண்டு விழுந்தால் எங்களிடம் டிவிடெண்ட், அதாவது பங்குதாரருக்கான லாபப் பங்கு, கேட்பார்கள். முடியாது என்று சொல்ல வேண்டிய போர்டிலும் அதே கவுன்சிலர்கள்தான். பணம் போனதும் முதல் வெட்டு பழைய குழாய் மாற்றும் வேலைக்கு. மண்ணுக்கடியில் கிடப்பது யார் கண்ணிலும் படாது அல்லவா?

ஆனால் கணக்கில் படும். உள்ளே விட்ட தண்ணீருக்கும் பில் போட்ட தண்ணீருக்கும் உள்ள இடைவெளி மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்தது. அது பெருகப் பெருக, பின்னிணைப்புக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் 'தீர்க்கப்பட்ட புகார்கள்' வந்து உட்கார்ந்தது. உடைந்த இடத்தில் கிளாம்ப் போட்டால் ஒரு புகார் தீர்ந்தது; அதே குழாய் அடுத்த வாரம் பக்கத்திலேயே உடைந்தால் புது எண், இன்னொரு தீர்வு. குழாய் மோசமாக ஆக, எங்கள் மதிப்பெண் ஏறியது!

இதற்காக நகரங்கள் இதில் இறங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாரிஸ் 2010-இல் குடிநீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்து, அடுத்த ஆண்டே கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. அங்கே போர்டில் பயனாளர்களின் பிரதிநிதிகளும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் 2015-இல் தொடங்கிய ராபின் ஹுட் எனர்ஜி என்ற மின்சார, எரிவாயு விற்பனை நிறுவனமோ 2020-இல் மூடப்பட்டது. நகரசபைக்கு ஏறத்தாழ 3.8 கோடி பவுண்டு நஷ்டம். நோக்கம் என்னவோ நல்லதுதான்: ஏழை வீடுகளுக்கு மலிவான மின்சாரம். மேற்பார்வைதான் போதவில்லை என்று தணிக்கையாளர்களே எழுதினார்கள்.

அப்புறம், ஜெர்மனி நகரங்களில் நகரத்துக்குச் சொந்தமான நிறுவனங்களின் மின்சார லாபத்தில் பேருந்து நஷ்டத்தை ஈடுகட்டுவது பழைய வழக்கம். அது தெரிந்தே செய்யும் ஏற்பாடு. எங்களிடம் குழாய்க்கான பணம் வேறெங்கோ போனது எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

யாராவது இப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், அதைக் கண்காணிக்க நகராட்சியில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் பக்கம் அறிக்கை தயாரிக்கவே ஒரு பிரிவு இருந்தது. அதைப் படித்துக் கேள்வி கேட்க அந்தப் பக்கம் ஒரே ஒரு பொறியாளர். அவருக்கும் அது கூடுதல் பொறுப்புதான்.