கட்டுத்தரையில் கற்றது

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் பத்து மாடு கட்ட ஒரு கொட்டகை. கட்டட வடிவமைப்பாளனாகத் தனியாக ஆபீஸ் போட்ட பிறகு எனக்கு வந்த முதல் தோட்டத்து வேலை அது. நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டவும் ஆரம்பித்தாகிவிட்டது. அந்த வீட்டில் தினமும் பால் கறக்கும் அம்மா கோட்டுக்குள் வந்து நின்றார். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்தவர், “ஏங் கண்ணு, இந்நேரத்துக்கு மாடெல்லாம் வெயில்லயேவா நிக்கும்?” என்று கேட்டார்.

கொட்டகையை நான் வடக்கு தெற்காக நீட்டி வரைந்திருந்தேன். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். நம் ஊர் வெயிலுக்கு மாட்டுக்கொட்டகை கிழக்கு மேற்காகத்தான் நீள வேண்டும் என்று பாடத்தில் படித்தவன்தான் நான். மேற்குப் பக்கம் நீளமாகத் திறந்திருந்தால் சாய்ந்த வெயில் கூரைக்கு அடியில் புகுந்து தீவனத் தொட்டி வரைக்கும் வரும். அன்றைக்கே வேலையை நிறுத்தி, ராத்திரி உட்கார்ந்து வேறு படம் போட்டேன். தோண்டிய ஆட்களின் கூலியை நானே கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். முன்பே செய்திருக்க வேண்டியது. அந்த அம்மா எந்தப் பக்கமாக மாட்டிடம் போகிறார், கறந்த பாலை எங்கே வைக்கிறார், சாணியை வாரிக் குப்பைமேட்டுக்கு எத்தனை நடை நடக்கிறார் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. என் படத்தில் தண்ணீர்த் தொட்டி ஒரு கோடியில், குப்பைமேடு மறு கோடியில். தரையையும் வழவழப்பான சிமென்ட் தளமாகவே வரைந்திருந்தேன். “வழுக்கி விழுந்தா சினை மாடு என்னாகும்?” என்றார். பிறகு தளம் போட்டபோது, ஈரம் காய்வதற்குள் கயிற்றை அழுத்திக் கோடு கோடாகப் பள்ளம் விட்டோம். தரைச் சரிவு நாற்பது அடிக்கு ஒரு அடி முதல் அறுபது அடிக்கு ஒரு அடி வரை இருக்கலாம். அதைவிடக் குறைந்தால் மூத்திரம் தேங்கும், கூடினால் மாட்டின் கால் நோகும். ஒரு பசுவுக்குக் கூரைக்கடியில் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 சதுர மீட்டர் என்று இந்தியத் தர அளவு இருக்கிறது. அதை வைத்துத்தான் தொடங்குகிறேன். ஆனால் பால் குண்டாவை எங்கே வைப்பது என்பதற்கு எந்த அளவிலும் பதில் இல்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆளையே தள்ளும். சாரலும் கூடவே வரும். அதனால் மேற்கு முகப்பை மட்டும் செங்கல் வைத்து அடைத்துவிடுவேன். பல்லடம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பாருங்கள், கறிக்கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகத்தான் வரிசை கட்டி நிற்கும். சின்ன வெங்காயத்தைச் சேர்த்து வைக்கும் பட்டறையும் இதே ஊர் அறிவுதான். தரையிலிருந்து தூக்கிக் கல்மேல் வைத்து, அடியிலும் பக்கவாட்டிலும் காற்று போக விட்டு, மேலே ஓலை வேய்வார்கள். அதற்குப் பதில் நான்கு பக்கமும் அடைத்த காங்கிரீட் ரூம் கேட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். காற்றில்லாத ரூமில் வெங்காயம் புழுங்கிவிடும்.

என் மனதை விட்டுப் போகாத வேலை இன்னொன்று. உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தாத்தா காலத்துச் சேமிப்புக் கட்டடம். இரண்டடி கனத்துக்கு மண்சுவர், நாட்டு ஓடு, உள்ளே அட்டாலி என்கிற பரண். சோளமும் கடலையும் பருத்தியும் போட்டு வைத்த இடம். தோட்டத்துக்காரரின் மகன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வருவதாக முடிவு செய்து, அதையே வீடாக்கித் தரக் கேட்டார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். சுவர் நேராக நிற்கிறது, மரம் செல்லரிக்கவில்லை, ஏன் இடிக்க வேண்டும்?

குளியலறையையும் சமையலறையையும் பழைய சுவரைத் தொடாமல் பின்னால் தனியாக வைத்தேன். மண்சுவருக்கு அருகில் குழாய்த் தண்ணீர் வரக்கூடாது. அந்தப் பகுதியைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டினோம். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவதால் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், வெக்கையும் குறையும். இதுவரைக்கும் எல்லாம் சரி.

ஆவணியில் புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. வெளிச்சுவருக்குச் சிமென்ட் பூச ஒப்புக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்து, கார்த்திகையில் போன் வந்தது. வடக்குச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு உப்பியிருந்தது. தட்டினால் டொப் டொப்பென்று சத்தம். ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தேன். உள்ளே மண் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. மண்சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும், பிறகு தன் முகம் வழியாகவே காய்ந்துகொள்ளும். அந்த முகத்தை நான் அடைத்துவிட்டேன். விரிசல் வழியாகப் புகுந்த மழைத் தண்ணீருக்கும் வெளியே வர வழியில்லை. மூன்று தலைமுறை நின்ற சுவரை மூன்று மாதத்தில் கெடுத்துவிட்டோமே என்று அன்று தூக்கமே வரவில்லை. தப்பு என்னுடையது, செலவும் என்னுடையது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, மாசி வரை சுவரைக் காய விட்டோம். அப்புறம் காரைக்குடிப் பக்கமிருந்து வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். வந்ததும் குழியில் சுண்ணாம்பை ஊறப்போட்டார். கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊறின. அவை பக்குவமாகும் வரை சுவர் பக்கம் போய் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார், வேறொன்றும் செய்ய மாட்டார். அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. சுவரை ஒட்டி நான் போட்டிருந்த சிமென்ட் நடைபாதையைக் காட்டி, “தம்பி, இதையும் எடுத்துடுங்க, தண்ணி இங்கதான் நிக்குது” என்றார். எடுத்தோம். கூரை இறவாரத்தை இரண்டரை அடி நீட்டி, சற்றுத் தள்ளி மழைநீர் ஓடச் சின்னக் கால்வாய் வெட்டினோம்.

அதன் பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது. போன தையில் போயிருந்தபோது வடக்குச் சுவரைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் பூச்சு லேசாகப் பொடியாக உதிர்கிறது, அதை வருஷம் ஒருமுறை வெள்ளையடித்துச் சரிசெய்துகொள்கிறார்கள். டீ குடிக்கும்போது டிராக்டருக்கு ஒரு கொட்டகை போட வேண்டும் என்று பேச்சு வந்தது. டிராக்டரை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். வாய்க்கால் பக்கம் உழுதுகொண்டிருந்தவரைக் காட்டினார்கள். அவர் திரும்பி வரும்வரை அட்டாலிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.