2.800 அங்குலம்

அக்கா மகன் டெக்சாஸிலிருந்து தோட்டாவின் நீளம் பற்றிக் கேட்டதும், நான் "போதும்பா" என்று சொன்னதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்ட பேச்சு. இருபத்திரண்டு ஆண்டுகள் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பவனாக, இருந்துவிட்டுக் கம்மவான்பேட்டைக்குத் திரும்பியவன் நான். பணிக்காலத்தில் பழுது பார்த்த எந்தத் துப்பாக்கியையும்விட அந்த ஒரு சொல்தான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அங்கே வேட்டைக்காரர்கள் பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைப் போட்டு, அதன் வாயில் குண்டைச் செருகி, தங்கள் தோட்டாவைத் தாங்களே வீட்டில் நிரப்பிக்கொள்வது சாதாரண வழக்கம். அவன் கேட்டது இவ்வளவுதான்: "மாமா, குண்ட மாத்திட்டேன். மொத்த நீளம் அதே 2.800தான். மேகசின்ல தடையில்லாம ஏறுது. போதுமில்ல?"

அவனுடைய ரைஃபிள் .308 வின்செஸ்டர் வகை. அதன் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நீளம் 2.810 அங்குலம். எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் நான் ஆண்டுக்கணக்கில் கையாண்ட 7.62 மி.மீ. தோட்டாவும் ஏறக்குறைய அதே அளவுதான். கைக்குப் பழகிய எண் காதில் விழுந்தவுடன் பதில் வந்துவிட்டது. ஆனால், எண்ணுக்கு முன்னால் அவன் சொன்ன முதல் வாக்கியம் என் காதில் விழவே இல்லை.

மொத்த நீளம் என்பது அடியிலிருந்து கூர்முனை வரை அளப்பது. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டியிருக்கும் மரையைக் கூர்முனை தொடுவதில்லை. குண்டு முழுப் பருமன் அடையும் இடத்தை ஒட்டிய பகுதிதான் தொடும். நன்றாகச் சீவிய பென்சிலும் மழுங்கச் சீவிய பென்சிலும் ஒரே நீளம் இருந்தாலும், முழுப் பருமன் தொடங்கும் இடம் வேறுவேறாகத்தான் இருக்கும். குண்டு மரையில் முட்டிக்கொண்டிருந்தால், நகரத் தொடங்கும்போதே மரைக்குள் திணிந்து போக வேண்டியிருப்பதால் அழுத்தம் கூடுகிறது. மிக ஆழமாக இறக்கினாலோ கூட்டுக்குள் இடம் குறைந்து, அதுவும் ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தத்தை ஏற்றும். அதனால்தான் பலர் மரைக்கு முன்னால் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர், இடைவெளி விட்டுத் தொடங்குகிறார்கள். குண்டை மாற்றினால் மருந்தையும் உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

சுடுதளத்தில் அவன் முதல் தோட்டாவை ஏற்றியபோது, அதைப் பின்னாலிருந்து தள்ளி அடைக்கும் போல்ட் சற்று இறுக்கமாகவே மூடியிருக்கிறது. சுடுவதை நிறுத்தச் சொல்லிக் குரல் வந்ததால், சுடாமலே தோட்டாவை வெளியே எடுத்திருக்கிறான். பித்தளைக் கூடு மட்டும் வந்தது; குண்டு மரையில் சிக்கிக் குழலிலேயே நின்றுவிட்டது. போல்ட் ஓடும் பள்ளம் முழுவதும், ஒடிந்த பென்சில் முனைகளைப் போலக் வெடிமருந்துத் துண்டுகள் சிதறிக் கிடந்ததைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அந்தத் துண்டுகளைப் பார்த்ததால்தான் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நிறுத்தி, வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுக் குண்டைத் தள்ளியிருக்கிறான்.

"நீங்க என்ன மாமா பண்ணுவீங்க, நான்தான அளந்து பாத்திருக்கணும்" என்றான். குற்றம் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நீளத்தைத்தான் கேட்டான், நீளத்தைத்தான் சொன்னேன் என்று சில நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யும் அல்ல. ஆனால் ராணுவத்துக்குத் தோட்டா தொழிற்சாலையிலிருந்து நிரப்பப்பட்டே வரும். குண்டை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்று முடிவெடுக்கும் வேலை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. என் வேலை துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைக் கேஜ் என்னும் அளவுக்கட்டை போட்டுப் பார்ப்பது: ஒரு கேஜில் போல்ட் மூட வேண்டும், மற்றதில் மூடக் கூடாது. கேஜ் போடாமல் ஒரு துப்பாக்கியையும் நான் கையெழுத்திட்டு வெளியே அனுப்பியதில்லை. எனக்குத் தெரியாத வேலைக்கு, தெரிந்த எண்ணை வைத்துப் பதில் சொல்லிவிட்டேன். அவன் கேட்டது மாமனிடமா, ஆர்மரரிடமா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன ஞாயிறு, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாவின் குண்டில் கருமை பூசி, மரை பதித்த கீறல்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 2.765இல் தொடுகிறது, 2.745 வைக்கட்டுமா என்று கேட்டிருந்தான். கணக்கு சரிதான். "சரி" என்று எழுதி அழித்துவிட்டு, எந்தக் குண்டு, எத்தனை தடவை அளந்தாய், மருந்தை எவ்வளவு குறைத்தாய் என்று கேட்டேன். அது அக்கறையா, பொறுப்பிலிருந்து நழுவுவதா என்று எழுதும்போதே சந்தேகம் வந்தது. அவன் மூன்றுக்கும் பதில் அனுப்பிவிட்டான். நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.