அம்மாவின் உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன்

2023 பிப்ரவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது ஓரளவு புரியும், பதிலுக்கு ஒரு சொல் வராது. 19 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மூக்கில் உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப், சிறுநீருக்குக் கதீட்டர் குழாய் என்று வீட்டுக்கு வந்தார். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். நான் வேலைக்குப் போகிறவள், அப்பா இல்லை, தம்பி இருப்பது நியூ ஜெர்சியில். அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என்று அழுதுகொண்டேதான் முடிவெடுத்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடலிறக்க ஆபரேஷனும் நடக்கிற சின்ன ஆஸ்பத்திரி. நான் சொல்வது அது இல்லை. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களை மாதக் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள். சென்னையைச் சுற்றி இப்போது நிறைய வந்திருக்கின்றன. வாசலில் சிலவற்றில் முதியோர் இல்லம் என்றிருக்கும், சிலவற்றில் அசிஸ்டட் லிவிங் என்றிருக்கும்.

முதல் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தது முழுக்க என் தவறு. புதுக் கட்டடம், பளபளக்கும் தரை, வாசலில் துளசி மாடம், நன்றாகப் பேசும் மேனேஜர். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டினேன். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் போவேன். அம்மா தலைவாரிப் பொட்டு வைத்து, முதுகில் தலையணை கொடுத்து உட்காரவைக்கப்பட்டிருப்பார். என்னைப் பார்த்ததும் அழுவார். பிரிவுத் துக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுவேன். நான்காவது ஞாயிறு டயப்பர் மாற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். முதுகுத்தண்டின் அடியில், புட்டத்துக்குச் சற்று மேலே, ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். அம்மா நான்கு வாரமாக எதைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் தடுக்கும் காற்று மெத்தையான ஆல்ஃபா பெட் போட்டிருந்தார்கள், அதற்கான வாடகையும் வாங்கினார்கள். ஆனால் அதன் பம்ப் ஓடவில்லை. அந்தப் பிளக் பாயின்ட்டில் யாருடைய போன் சார்ஜரோ இருந்தது. காற்று மாறிமாறி ஏறி இறங்கினால்தான் அந்த மெத்தையால் பயன். ஓடாத ஆல்ஃபா பெட் வெறும் பிளாஸ்டிக் விரிப்புதான்.

அன்றிரவே அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நிலைப் படுக்கைப் புண் என்றார் டாக்டர். முதல் நிலையில் தோல் கிழியாது, சிவந்திருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் தொடக்கம். இரண்டாம் நிலையில் மேல்தோல் போகும். மூன்றாவதில் தோல் முழுக்க அழிந்து உள்ளே கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, எலும்பு. கறுப்புத் தோலில் முதல் நிலைச் சிவப்பு சட்டென்று தெரியாது, தொட்டுப் பார்க்க வேண்டும், சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும் என்றார். அழுத்திப் பார்க்க ஐந்து வினாடி போதும். அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருமுறையாவது அதைச் செய்திருக்கலாம்.

தம்பியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, அங்கே இதுக்கெல்லாம் ரேட்டிங் கிடையாதா?" என்று கேட்டான். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அமைப்பு 2008-லிருந்து, தன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் (அங்கே அது முதியோர் பராமரிப்பு இல்லம்) ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. ஆய்வுக்குப் போகிறவர்களின் அறிக்கை, ஊழியர் எண்ணிக்கை, உள்ளே இருப்பவர்களின் உடல்நிலை விவரங்கள் ஆகிய மூன்றையும் வைத்துப் போடுகிறார்கள். நமக்கு இருப்பது கூகுள் நட்சத்திரம்தான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் கடமையையும் தீர்ப்பாயத்தையும் பற்றிப் பேசுகிறது. 20 படுக்கைக்கு இரவில் எத்தனை பேர் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

ஆனால் அமெரிக்காவில் எதையெதைக் கணக்கெடுக்கிறார்கள் என்ற பட்டியல் எனக்கு வழிகாட்டியது. எத்தனை பேருக்குப் படுக்கைப் புண், எத்தனை பேர் விழுந்து அடிபட்டார்கள், எத்தனை பேருக்கு மனநோய் மருந்து கொடுக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கதீட்டர் போட்டபடி இருக்கிறது, யாருக்கு எடை குறைகிறது. தரையையும் துளசி மாடத்தையும் அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மா மருத்துவமனையில் இருந்த 12 நாளில் இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஐந்து இல்லங்களுக்குப் போனேன்.

கேட்ட முதல் கேள்வி: "இப்போது உங்களிடம் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது?" மூன்று இடங்களில் "நம்மகிட்ட அந்தப் பேச்சே இல்லை மேடம்" என்றார்கள். ஓர் இடத்தில் பொறுப்பு சிஸ்டர் யோசித்து, "ரெண்டு பேருக்கு. ஒருத்தர் வரும்போதே புண்ணோட வந்தார். இன்னொருத்தருக்கு இங்கேதான் வந்தது, இப்போ ஆறிக்கிட்டிருக்கு" என்று சொல்லி, புண்ணின் நீள அகலத்தை வாராவாரம் அளந்து எழுதிய நோட்டைக் காட்டினார். படுத்தே கிடக்கும் 20 பேரை வைத்துக்கொண்டு புண்ணே வந்ததில்லை என்று சொல்பவர்களைவிட இவரைத்தான் நான் நம்பினேன்.

படுத்திருப்பவர்களைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தாள் கட்டிலருகே தொங்கும். ஓர் இல்லத்தில் நான் போனது மதியம் மூன்று மணிக்கு. மாலை ஆறு மணி வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. அங்கிருந்து ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது நினைத்தால், அந்தக் கட்டிலில் இருந்த பாட்டியின் வீட்டாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னோர் இடத்தில் காலை பதினொரு மணிக்குப் போனால் கூடத்தில் 11 பேரில் 9 பேர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். மருந்துச் சீட்டுகளைக் காட்டச் சொன்னேன், மற்றவர்களுடையதைக் காட்ட முடியாது என்றார்கள். அது சரிதான். "என் அம்மாவுக்குத் தூக்க மருந்தோ மனநோய் மருந்தோ தொடங்குவதானால் என்னைக் கேட்பீர்களா?" என்றேன். "எங்க டாக்டர் பார்த்துப்பார்" என்று பதில் வந்தது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் குவெட்டியபின் போன்ற மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறக்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. சில சமயம் அந்த மருந்து தேவைப்படலாம். ஆனால் வீட்டாருக்குத் தெரியாமல் தொடங்கக் கூடாது.

தலைமுடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு இல்லங்களில் பெண்கள் எல்லோருக்கும் கிராப் வெட்டியிருந்தார்கள். "பேன் வராது, குளிப்பாட்ட வசதி" என்றார்கள். கேட்டுவிட்டுத்தான் வெட்டினீர்களா என்றதற்குப் பதில் இல்லை. என் அம்மா 70 வயதிலும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பின்னல் போட்டுக்கொண்டவர். வசதி என்ற சொல் அங்கே யாருடைய வசதியைக் குறிக்கிறது என்று யோசித்தபடியே வெளியே வந்தேன்.

புண் அளந்த நோட்டைக் காட்டிய சிஸ்டர் இருந்த இல்லத்துக்கு மட்டும் மூன்று முறை போனேன். இரண்டாவது முறை சொல்லாமல், இரவு ஒன்பதரைக்கு. வாட்ச்மேன் யோசித்தார், ஆனால் உள்ளே விட்டார்கள். 22 பேருக்கு ஒரு சிஸ்டரும் மூன்று கேர்டேக்கர்களும் விழித்திருந்தார்கள். "இரவு ஒரு மணிக்கு மூச்சு திணறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். 108-ஐ அழைப்போம், ஆக்சிஜன் போடுவோம், உங்களுக்குப் போன் செய்வோம், எங்கள் ஆள் ஒருவர் கூடவே வண்டியில் வருவார் என்றார் சிஸ்டர். மருந்துப் பட்டியலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் போட்ட கவர் ஒவ்வொருவர் பெயரிலும் தயாராக இருந்தது.

மூன்றாவது முறை உணவு நேரத்தில் போனேன். ரைல்ஸ் டியூப் உள்ள ஒரு தாத்தாவுக்கு கேர்டேக்கர் இளைஞர் ஒருவர் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். டியூப் வெளியே நழுவியிருக்கிறதா என்று மூக்கருகே இருந்த குறியைப் பார்த்தார். சிரிஞ்சால் லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். முடிந்ததும் தாத்தாவைச் சாய்க்கவில்லை, அரை மணிக்கு மேல் அப்படியே வைத்திருந்தார். படுக்கவைத்து ஊற்றினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அந்த இளைஞர் ஒடிசாவிலிருந்து வந்தவர். "தாத்தா, சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சம்" என்று தெரிந்த தமிழில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். கட்டில் எண் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை.

பணம், காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மாவை இங்கேதான் சேர்த்தேன். அப்போது மாதம் 38,000 ரூபாய், டயப்பரும் பிசியோதெரபியும் தனி. முதல் இல்லம் இதைவிட 7,000 அதிகம். முன்பணம் எப்போது திரும்பும், அம்மா மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்கினேன். மாவட்டச் சமூக நல அலுவலகப் பதிவைக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தபோது மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். புகார் சொல்ல மட்டுமல்ல, விவரம் கேட்கவும் அழைக்கலாம்.

சேர்த்த பிறகு ஞாயிறு நான்கு மணி என்ற வழக்கத்தை விட்டேன். ஒரு வாரம் புதன் காலை ஆறரை, அடுத்த வாரம் வெள்ளி இரவு. போனதும் போர்வையை விலக்கிப் பார்ப்பேன்: முதுகடி, குதிகால், இடுப்பின் இரண்டு பக்கமும். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்ப்பேன், வெள்ளை படிந்து காய்ந்திருந்தால் யாரும் வாய் துடைக்கவில்லை என்று அர்த்தம். கதீட்டர் பை தரையில் கிடக்கிறதா, படுக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பேன், இரண்டுமே தவறு. மாதம் ஒருமுறை எடை. முதல் மாதம் குறை இருந்தது, குதிகால் சிவந்திருந்தது. காட்டினேன். அன்றைக்கே கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டார்கள். குறையே இல்லாத இடம் என்று ஒன்றை நான் பார்க்கவில்லை. சொன்னால் முகம் சுளிக்காத இடத்தைப் பார்த்தேன்.

கடைசியாகப் பார்ப்பது அம்மாவின் வலது கை. பக்கவாதத்தில் விழுந்த கை நாளாக நாளாக இறுக மூடிக்கொள்ளும். உள்ளே வியர்த்து, அழுக்கு சேர்ந்து, நகம் குத்திப் புண்ணாகும். முதல் இல்லத்திலிருந்து வந்த அன்று மருத்துவமனையில் அந்தக் கையைத் திறந்தபோது அடித்த வாடை இன்னும் மறக்கவில்லை. உள்ளங்கையில் நான்கு பிறை போலக் காயம்.

முதுகுப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. இப்போது டியூப் இல்லை, மசித்த சோறு வாயாலேயே சாப்பிடுகிறார். போன புதன்கிழமை காலை போனபோது, சனிக்கிழமை போட்ட பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் விரல் ஒவ்வொன்றாக விரித்தேன். நகம் வெட்டியிருந்தது. உள்ளே சின்னக் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருந்தார்கள், நான் சொல்லாமலேயே. அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை.