படிகத்தில் இருப்பது தண்ணீரிலும் இருக்கிறதா?

நாங்கள் ஆய்வகத்தில் சுருக்கமாக யு60 என்று சொல்லும் யுரேனிய அணுக்கொத்தைச் செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. யுரேனைல் நைட்ரேட் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வெளிர்மஞ்சளாகப் படியும். லித்தியம் ஹைட்ராக்சைடு விட விட அது கரைந்து தெளியும். விடுவதில்தான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டால் பொங்கி வழியும், அப்புறம் துடைத்த துணி, கையுறை எல்லாம் கதிரியக்கக் கழிவுக்குப் போகும். சும்மா வைத்துவிட்டால் மஞ்சள் படிகங்கள் தானாக வரும். வளர்ந்த கரைசலை விட்டு வெளியே எடுத்தால் மங்கி விரிசல் விட்டுவிடும் என்பதால், நுண்ணோக்கியில் பார்த்தபடியே எண்ணெய்த் துளிக்குள் தள்ளிவிடுவேன்.

உள்ளே இருப்பது உள்ளீடற்ற ஒரு கால்பந்து: 60 யுரேனியம், 12 ஐங்கோணம், 20 அறுகோணம், குறுக்களவு சுமார் 2.5 நானோமீட்டர். இரண்டு யுரேனியத்தை இணைக்கும் பெராக்சைடுப் பாலம் (ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஆக்சிஜன்) நேராக இருக்காது, மடங்கியிருக்கும். அதனால்தான் தட்டையாகப் பரவாமல் உருண்டையாக மூடிக்கொள்கிறது. அமெரிக்காவின் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பர்ன்ஸ் குழு இத்தகைய உருண்டைகளை 2005இல் அறிவித்தது. அவற்றில் நெப்டியூனியத்தில் செய்த ஒன்றும் உண்டு.

படிகத்தின் படம் எவ்வளவு அழகாக வந்தாலும் எனக்குப் போதாது. அது படிகமாகும்போது மட்டும் கூடிய கூட்டமாக இருக்கலாமே? திரும்பத் தண்ணீரில் கரைத்து, கரைசலிலுள்ள துகளின் அளவையும் வடிவத்தையும் காட்டும் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் எடுத்தால் வரைகோட்டில் மேடும் பள்ளமுமாக அலை தெரியும். உள்ளே காலியான உருண்டை அப்படித்தான் சிதறடிக்கும். சரி, உடையவில்லை.

புளூட்டோனியத்தில் கதை தலைகீழ். அங்கே கரைசல்தான் முதலில் தொல்லை கொடுத்தது. அமிலம் குறைந்தால் நான்கு மின்னேற்றப் புளூட்டோனியம் பச்சைக் கூழ்மமாகிவிடும், பிறகு லேசில் கரையாது. அந்தக் கூழ்மத்தை ஒழுங்கில்லாத ஹைட்ராக்சைடுச் சங்கிலி என்றுதான் பல காலம் நினைத்தார்கள். 2008இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் லின்டா சோடர்ஹோம் குழுவுக்கு 38 புளூட்டோனியம் கொண்ட கொத்து படிகமாகக் கிடைத்தது. அணுக்களின் அடுக்கு அப்படியே புளூட்டோனியம் டை ஆக்சைடு! சுற்றிலும் குளோரைடும் கொஞ்சம் தண்ணீரும், அவ்வளவுதான்.

இந்தக் கூழ்மம் ஆய்வகத்துக்கு வெளியிலும் முக்கியம். அமெரிக்காவின் நெவாடாவில் 1968இல் நடந்த பென்ஹாம் நிலத்தடி அணுவெடிப்பின் புளூட்டோனியம், 1.3 கிலோமீட்டர் தள்ளி நிலத்தடி நீரில் கூழ்மத் துகள்களோடு சேர்ந்து கிடைத்ததாக 1999இல் செய்தி வந்தது. தனி அயனியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் அது அவ்வளவு தூரம் போயிருக்கவே கூடாது. அணுக்கழிவுக் கிடங்குக்குக் கணக்குப் போடுகிறவர்கள் துகள்களையும் கொத்துகளையும் அதில் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கை நான் நம்பமாட்டேன்.