பூசணிக் கொடியில் சாம்பல் நோய்: தோட்ட நாட்குறிப்பு

ஜனவரி 5

கொடி நன்றாக ஓடத் தொடங்கிவிட்டது. முதல் ஆண் பூக்கள் விரிந்தாயிற்று. இனி தினமும் தூர்ப்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். இலையில் வெள்ளை மாவு போலப் படரும் பூஞ்சை நோயான சாம்பல் நோய் கொழுந்தில் ஆரம்பிப்பதில்லை. நிழலில், காற்றோட்டமில்லாமல் கிடக்கும் முதிர்ந்த இலைகளில்தான் முதலில் வரும். மேலிருந்து பார்த்தால் கொடி பச்சைப்பசேலென்று தெரியும். இலையைத் திருப்பினால்தான் விஷயம் புரியும்.

ஜனவரி 9

நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளி நிறத் திட்டுகள். இது நோயில்லை. சில பூசணி ரகங்களுக்கு இயல்பாகவே இலையில் இப்படி இருக்கும். விரலால் தேய்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. இயல்பான திட்டு எல்லா இலைகளிலும் நரம்பை ஒட்டி ஒரே மாதிரி அமைந்திருக்கும். நோய் கண்ட இடத்தில் அப்படி ஓர் ஒழுங்கு இருக்காது.

ஜனவரி 14

இன்று வந்தேவிட்டது. தூரை ஒட்டிய இலையின் அடிப்பக்கத்தில் பொட்டளவு வெள்ளை. தேய்த்ததும் மாவு விரலில் ஒட்டியது, அதன் கீழே இலை லேசாக மஞ்சளித்திருந்தது. அந்த இலையையும், அதை ஒட்டிக் கிடந்த இரண்டு முதிர்ந்த இலைகளையும் காம்போடு நறுக்கி, உதறாமல் அங்கேயே பைக்குள் போட்டுக் கட்டினேன். அந்த மாவு முழுக்கப் பூஞ்சையின் வித்துகள்தான். வித்து இலையில் விழுந்து மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் புதுப் பொட்டு தெரிந்துவிடும். முதல் பொட்டைப் பார்த்த அன்றே வேலையில் இறங்கினால்தான் கொடி தப்பும்.

ஜனவரி 15

காலை வெயில் ஏறும் நேரத்தில் பால் கரைசல் தெளித்தேன். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இலையின் இருபுறமும் நனைய வேண்டும், அடிப்பக்கத்தை விட்டால் பாதி வேலைதான். இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பிரேசில் ஆராய்ச்சியாளர் வாக்னர் பெட்டியோல், பசுமைக்குடிலில் வளர்த்த சுக்கினி என்ற பூசணி இனச் செடிகளில் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார். 10 சதவீதமும் அதற்கு மேலும் கலந்த பால், வழக்கமான பூஞ்சைக்கொல்லிகளுக்கு இணையாக வேலை செய்தது. வாரம் ஒருமுறை தெளிப்பது, நோய் கூடினால் இருமுறை என்று வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "மழையே இல்லையே, பூஞ்சை எப்படிப்பா வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மற்ற பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும். இதற்கு ஈரக் காற்றே போதும். இலைமேல் தண்ணீர் நின்றால் இதன் வித்து சரியாக முளைப்பதுகூட இல்லை. பகலில் மிதமான சூடு, இரவில் ஈரம் கலந்த குளிர்ச்சி, கொடிக்குள் நெருக்கம், இது மூன்றும் சேர்ந்தால் நோய்க்குக் கொண்டாட்டம். அதற்காக இலைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. இலை ஈரத்தில் வளரும் அடிச்சாம்பல் என்ற வேறொரு நோய்க்கு நாமே வழிவிட்டதாகிவிடும். தண்ணீர் வேருக்கு மட்டும் போகட்டும்.

ஜனவரி 25

நடுக்கொடியிலும் சில பொட்டுகள். வேப்பெண்ணெய்க்கு மாறினேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலில் முதலில் குழைத்து, பிறகு தண்ணீர் விட்டால்தான் பிரியாமல் கலக்கும். நேற்றே ஓர் இலையில் தெளித்து, கருகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வெயில் தணிந்து, தேனீக்கள் போன பிறகு மாலையில் தெளித்தேன்.

கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் பூசணிக் குடும்பத்தில் எனக்கு அதில் தயக்கம் உண்டு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் இலை கருகும். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பக்கமே போகக் கூடாது. சமையல் சோடாவுக்கும் நோய் கேட்கும், ஆனால் சோடியம் மண்ணில் சேரும் என்பதால் அதைத் தொடர்ந்து பயன்படுத்த மனமில்லை.

யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை நிறுத்தியாயிற்று. அதில் தளதளவென்று வரும் இளந்தழை இந்த நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும்.

பிப்ரவரி 3

வெள்ளை படிந்த இலையொன்றில் சின்ன மஞ்சள் பொறிவண்டுகள். உற்றுப் பார்த்தால் இலையைத் தொடாமல் மாவை மட்டும் மேய்கின்றன! இந்தப் பூஞ்சையையே தின்று வாழும் பொறிவண்டு இனங்கள் உண்டு. அந்த இலையை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டேன். இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு வேறு. அதன் முதுகு மங்கலாக, மயிர் படர்ந்திருக்கும், இலையும் சல்லடையாகிவிடும்.

பிப்ரவரி 12

காய்கள் திரண்டுவிட்டன. காயில் நோய் ஏறுவது அரிது, ஆனால் இலை போனால் காய்க்குச் சாப்பாடு போய்விடும், வெயில் நேராக அடித்துத் தோலும் வெந்துவிடும். அதனால் இனி எதையும் வெட்டப்போவதில்லை. பழுத்த இலையானாலும் நிழலுக்கு இருக்கட்டும். வெள்ளை பூத்துப்போன பழைய இலை எந்த மருந்துக்கும் பச்சையாகத் திரும்பாது. தெளிப்பதெல்லாம் கொழுந்துக்கும் நடு இலைக்கும்தான்.

பிப்ரவரி 27

காம்பு காய்ந்து கெட்டியாகிறது. தெளிப்பை நிறுத்திவிட்டேன். அடுத்த போகத்துக்கு நோய் தாங்கும் ரக விதை தேட வேண்டும், குழிக்குக் குழி இடைவெளியையும் கூட்ட வேண்டும். இடம் மாற்றி நடுவது மட்டும் இதற்குப் போதாது, வித்து காற்றில்தானே வருகிறது. அறுவடை முடிந்ததும் கொடியை மொத்தமாக இழுத்து அப்புறப்படுத்திவிட்டு, பக்கத்து வெள்ளரிப் பந்தலை இலை இலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.