மாற்றிப் பிடிக்க இன்னொரு கை

என்னிடம் முதலுதவிச் சான்றிதழ் இருந்தது. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது வாங்கியது. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும், அதற்குப் பொறுப்பானவர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன விதி. எங்கள் ஷிப்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஒரு நைட் ஷிப்டில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் மெஷினுக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன், அசைவில்லை. 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு நெஞ்சில் அழுத்த ஆரம்பித்தேன். நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட வைக்கும் சிபிஆர் முதலுதவி அது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று படித்திருந்தேன். எப்பேர்ப்பட்ட பலசாலிக்கும் அதற்குமேல் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், இன்னொருவர் "காத்து வரட்டும், தள்ளுங்க" என்று சத்தம் போட்டார். என் இடத்துக்கு வர ஒருவருக்கும் தெரியவில்லை. கை தளர்வது எனக்கே தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணன் பிழைக்கவில்லை.

ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது பேரில் ஒருவருக்காவது கற்றுக்கொடுத்து வைத்திருக்கலாமே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்திய செஞ்சிலுவைச் சங்கம் இரண்டுமே முதலுதவிப் பயிற்சி தருகின்றன. நான் போனது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் ஹார்ட்சேவர் பயிற்றுநர் பாதைக்கு. ஹார்ட்சேவர் என்பது பொதுமக்களுக்கான முதலுதவி, சிபிஆர் வகுப்பு. மருத்துவத் துறையில் இல்லாதவரும் அதில் பயிற்றுநர் ஆகலாம் என்பதுதான் காரணம். முதலில் சாதாரண மாணவனாக ஹார்ட்சேவர் வகுப்பை முடிக்க வேண்டும். உங்களைப் பயிற்றுநராக ஏற்றுக்கொள்ள ஒரு பயிற்சி மையம் முன்வர வேண்டும். பிறகு இணையவழிப் பாடம், நேரடிப் பயிற்றுநர் வகுப்பு, கடைசியாக மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க நீங்கள் எடுக்கும் வகுப்பு. இதை 6 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்.

கோயம்புத்தூரில் நடந்த நேரடி வகுப்புக்கு நான் நிறையப் படித்துக்கொண்டு போனேன். பெரியவர்களுக்கு அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக்கூடாது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எல்லாம் மனப்பாடம். அங்கே யாரும் அதைக் கேட்கவே இல்லை. மூத்த பயிற்றுநர் ஒருவர் மாணவர் போல நடித்து, பழகுவதற்கான ஆள் பொம்மையின் நெஞ்சில் அழுத்தினார். "என்ன தப்புன்னு சொல்லுங்க" என்றார்கள். வேகம் சரி, ஆழம் சரி, முழங்கை மடங்கவில்லை. தப்பே இல்லை என்றேன்.

அவர் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு உடம்பு எடையை முழுசாக எடுக்காமல் நெஞ்சின்மேல் சாய்ந்தே இருந்திருக்கிறார். நெஞ்சு பழைய நிலைக்கு எழும்பும்போதுதான் இதயத்தில் ரத்தம் திரும்ப நிரம்பும். சாய்ந்துகொண்டே அழுத்தினால் ரத்தம் நிரம்பாத இதயத்தைப் பிழிவதுதான். விதியாக இது எனக்குத் தெரியும், ஆனால் இன்னொருவர் கையில் பார்க்கத் தெரியவில்லை. பயிற்றுநர் வேலையில் முக்கால்வாசி இந்தப் பார்வைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மேற்பார்வையில் நான் எடுத்த முதல் வகுப்பு தேறவில்லை. ஹாஸ்டல் ஹாலில் பன்னிரண்டு பெண்கள், நான்கு பொம்மைகள். வீடியோ ஓடும்போதே அதைப் பார்த்துக்கொண்டு மாணவர்கள் பொம்மையில் செய்து பழக வேண்டும். அந்த நேரத்தில் பயிற்றுநர் சுற்றி வந்து திருத்த வேண்டும். நானோ ஆங்கில வீடியோவைத் தமிழில் விளக்குகிறேன் என்று முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் என்னைக் கவனித்த மேடம், அவர் வெகுகாலம் நர்ஸாக இருந்தவர், தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீங்களே சொல்லுங்க, எது நல்லாப் போச்சு?" என்று ஆரம்பித்தார். அப்புறம் கேட்டார்: "தம்பி, மூணாவது பொம்மைகிட்ட இருந்த பொண்ணு எங்க கை வெச்சிருந்துச்சு, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் நெஞ்சை விட்டு மேல்வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். மேடம்தான் போய்க் கையை நகர்த்தி வைத்திருக்கிறார். அது எனக்கு மிகவும் வலித்தது. அந்தப் பெண் அப்படியே கற்றுக்கொண்டு போயிருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

மறுபடி தயாரான ஆறு வாரத்தில்தான் உருப்படியாக யோசித்தேன். நீளமான விளக்கங்களை எல்லாம் வெட்டினேன். திருத்தும்போது மூன்றே சொற்கள் வைத்துக்கொண்டேன்: "ஆழமா", "வேகமா", "முழுசா விடுங்க". எண்ணுவதில்தான் நான் எதிர்பாராத சிக்கல் இருந்தது. ஒண்ணு, ரெண்டு என்று போகும்வரை சரி. இருபதைத் தாண்டி "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று வரும்போது சொல் நீண்டு, வாய்க்குக் காத்திருந்து கையும் மெதுவாகிவிடுகிறது. அதனால் பத்து பத்தாக மூன்று முறை எண்ணச் சொன்னேன். வேகம் சரியானது. இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை, வகுப்பில் கேட்டுக் கண்டுபிடித்ததுதான்.

இன்னொன்று மூச்சு. இதயம் நின்ற சில நிமிடங்களுக்குச் சிலர் வாயைத் திறந்து விட்டு விட்டு இழுப்பார்கள். அது மூச்சே அல்ல, உடனே அழுத்தம் தொடங்க வேண்டும். இதைப் பாடநூல் மொழியில் சொன்னபோது யார் முகத்திலும் சலனமில்லை. "நம்ம ஊர்ல பெரியவங்க கடைசி நேரத்துல 'இழுத்துக்கிட்டு இருக்கு'ன்னு சொல்வாங்கல்ல, அது மாதிரி" என்றதும் வயதான அக்கா ஒருவர் சட்டென நிமிர்ந்து, "எங்கப்பாவுக்கு அப்படித்தான் இருந்துச்சு, மூச்சு இருக்குன்னு நெனச்சோம்" என்றார். ஹாலே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் நானும் பேசவில்லை. சரி, அந்த அக்காவையே முதலில் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

கேள்விகளும் வரும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்து கொடுக்கலாமா? வேண்டாம், இடித்துக்கொள்ளும் பொருள்களை நகர்த்துங்கள், வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுட்டுக்கொண்டால் தோசை மாவு? வேண்டாம், குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், 20 நிமிடம். சாலை விபத்தில் உதவினால் போலீஸ் கேஸ் ஆகுமா? 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயரைக்கூடச் சொல்லியாக வேண்டியதில்லை. மாவு தடவியவரை "தப்பு பண்ணிட்டீங்க" என்று நான் சொல்வதில்லை. பிள்ளை துடித்தபோது கைக்குக் கிடைத்ததைச் செய்தவர் அவர்.

இரண்டாவது முறை தேறினேன். சான்றிதழ் 2 வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க அதற்குள் குறைந்தது 4 வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும். நல்ல விதி என்றே நினைக்கிறேன். கற்பிக்காமல் விட்டால் அந்தப் பார்வை மழுங்கிவிடும்.

போன மாதம் எங்கள் மில்லிலேயே வகுப்பு. ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி அவள் மொழியில் எண்ணி அழுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் ஆகப்போகிறது. நான் வாயைத் திறப்பதற்குள், நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவு அக்கா ஒருவர் எதிர்ப்பக்கம் போய்த் துப்பட்டாவை இழுத்துக் கட்டி மண்டியிட்டார். அவள் இரண்டு மூச்சு ஊதி முடித்து நிமிர்ந்தாள். அதற்குள் அக்காவின் கை நெஞ்சின் நடுவில் இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்கினார்.