மேகமலையில் தவளை, பல்லி, பாம்பு கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து தேனி, சின்னமனூர் வழியாக மலை ஏறும் முன்பே அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாகிவிட்டது. எந்த ஓடை, எந்த மாதம், உயிரினத்தைக் கையில் எடுப்பீர்களா என்பதுவரை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டதை மேலே போய்ச் செய்ய முடியாது.

மாதம்தான் பலருக்கும் தவறிப்போகிறது. கேரளப் பக்கத்து அட்டவணையைப் பார்த்து ஜூனில் கிழக்குச் சரிவுக்குப் போனால் காய்ந்த பாறையைத்தான் எண்ண வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து 2017-இல் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளை இனமும் (ஊர்வன ஆய்வாளர் மறைந்த பூபதியின் பெயர் தாங்கியது) வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே முட்டையிடுகிறது.

இரவு ஏழு மணிக்கு ஓடையோரம் தொடங்குவோம். இரண்டு பேர் ஒரு மணி நேரம் தேடினால் இரண்டு ஆள்-மணி. ஒன்றுமே கிடைக்காத இரவையும் ஆள்-மணியோடு பூஜ்யம் என்று எழுதுங்கள். அதை விட்டால் இரண்டு ஓடைகளை ஒப்பிடவே முடியாது. புதர்த் தவளையைக் கண்ணால் தேடுவது வீண். காலடிச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மறுபடி கத்தத் தொடங்கும். ஒலியைப் பதியும்போதே வெப்பநிலையையும் குறியுங்கள், குளிர் கூடினால் கத்தும் வேகம் குறையும். பகலில் கண்ணில் படாத ஓணான் கொப்பு நுனியில் வெளுத்துத் தூங்குவதும் இரவில்தான் தெரியும்.

பகலில் 5 × 5 மீட்டர் கட்டம். கயிறு கட்டி, நான்கு மூலையிலிருந்து நான்கு பேர் சருகைக் கிளறிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். ஒரு பக்கமிருந்து போனால் குட்டித் தவளைகள் எதிர்ப்பக்கம் தப்பிவிடும். மரக்கட்டையைக் கொக்கியால் உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். அடியில் விரியன் இருந்தால் கட்டையே நடுவில் மறைப்பாக நிற்கும். பார்த்து முடித்ததும் கட்டையைப் பழைய பள்ளத்திலேயே வையுங்கள். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளைத் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் அடிபட்டுக் கிடக்கும்போதுதான் அதிகம் பார்க்கிறோம். காக்கை வருமுன், விடியலிலேயே நடந்துவிட வேண்டும்.

அட்டைக்குப் பயந்து கையில் புகையிலையோ கொசுக் களிம்போ தேய்க்காதீர்கள், தவளை தோலால் அதை உறிஞ்சிக்கொள்ளும். முழங்கால்வரை காடாத்துணி உறை போதும். ஒரு தவளைக்கு ஒரு புதுப் பை.

ஓடை மாறும்போது பூட்ஸ் சேற்றை முதலில் பிரஷ்ஷால் தேயுங்கள். சேறு ஒட்டியிருந்தால் பிளீச் வேலை செய்யாது, தவளைகளைக் கொல்லும் பூஞ்சை அடுத்த ஓடைக்கும் போய்விடும். அதன்பின் பிளீச் கரைசலில் நனைத்து, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த ஓடையில் கால் வைப்போம்.